மிதித்த காலை எடுக்காதீர்கள்! – மாஸ்டர் பதில்கள்

(அரசுப் பேருந்தில் 14 வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். அப்புறம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் 17 வருஷம் வாத்தியார். ஓய்வுபெற்ற நம் ‘மாஸ்டர்’ வண்டி வாகனம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வண்டிக்குள் குடிவந்திருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றித்தான்.)

புதுக் கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. திடீரென்று பிரேக் அடித்தால் பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறுகிறது. சர்வீஸில் கேட்டால், ‘அது ஏபிஎஸ் சார், அப்படித்தான் இருக்கும்’ என்று அனுப்பிவிட்டார்கள். நம்பலாமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

நம்பலாம் ஐயா. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற பிரேக் கருவிதான் ஏபிஎஸ். அந்த உதறலுக்குப் பயந்து காலை எடுத்த ஒருத்தன் கதையை முதலில் கேளுங்கள். அந்த ஒருத்தன் நான்தான்.

நான் வண்டி பழகிய காலத்தில், மழை ரோட்டில் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தால் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், வண்டி நிற்காது. வழுக்கிக்கொண்டே போகும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கேட்காது, ஏனென்றால் சுற்றுகிற சக்கரம்தான் திரும்பும். அதனால் ‘விட்டு விட்டு மிதி’ என்று எங்கள் வாத்தியார் சொன்னார். ஜீப்பில் பழக வந்த பையன்களிடம் நானும் அதையே தொண்டை கிழியக் கத்தினேன். (காற்று பிரேக் பஸ்ஸில் அப்படி மிதித்தால் டேங்கில் காற்று இறங்கிவிடும். அது வேறு பாடம்.)

ஓய்வு பெற்ற மறு வருஷம் மருமகன் காரை ஓட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். விராலிமலை தாண்டியதும் தூறல். எழுபதில் போகிறேன். நடுத்திட்டு இடைவெளியில் ஒரு கன்றுக்குட்டி புகுந்து வந்தது. மிதித்தேன். பெடல் உள்ளங்காலில் திருப்பி அடித்தது. முப்பது வருஷப் பழக்கம், கால் தானாக மேலே வந்துவிட்டது. மறுபடி மிதி, மறுபடி விடு. கன்றுக்குட்டி பிழைத்தது அதன் அதிர்ஷ்டம். கார் ரோட்டை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டர் கல்லில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை, பம்பர் போச்சு. பின்னால் இருந்த பேரன் கேட்டான்: “தாத்தா, நீங்கதானே எல்லாருக்கும் சொல்லித் தந்தீங்க?”

நடந்தது இதுதான். ஒவ்வொரு சக்கரத்திலும் பல் வைத்த ஒரு வளையமும் அதை எண்ணுகிற ஒரு சென்சாரும் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் சட்டென்று நிற்கப் போகிறது என்று தெரிந்ததும், அந்தச் சக்கரத்துக்குப் போகிற பிரேக் அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தளர்த்தும், உடனே திருப்பிக் கொடுக்கும். ஒரு நொடிக்குள் பல தடவை. நான் காலால் செய்யச் சொன்ன ‘விட்டு விட்டு மிதி’யை, எந்தக் காலாலும் முடியாத வேகத்தில் அது செய்கிறது. அந்த நேரத்தில் நாமும் விட்டு விட்டு மிதித்தால் அதன் வேலையைக் கெடுக்கிறோம்.

ஆகவே: முழு பலத்தோடு மிதியுங்கள். உதறட்டும். வண்டி நிற்கிற வரைக்கும் காலை எடுக்காதீர்கள். கன்றுக்குட்டியைப் பார்க்காமல், போக வேண்டிய இடைவெளியைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்; இப்போது திரும்பும். ஏபிஎஸ்ஸின் முதல் லாபமே அதுதான். சீக்கிரம் நிறுத்தும் என்று மட்டும் நினைக்காதீர்கள். சரளை, மணல் கிடக்கிற இடத்தில் நிற்கிற தூரம் கூடக்கூடும்.

போஷ் நிறுவனம் செய்த இந்தக் கருவி 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயம். வருத்தம் என்னவென்றால், லைசென்ஸுக்கு எட்டுப் போடச் சொல்கிறார்கள், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்கிறார்கள். முழு பிரேக் போட்டுக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. கருவி வந்துவிட்டது, பாடம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத மைதானத்தில், நாற்பதில் போய் நான்கைந்து தடவை முழுசாக மிதித்துப் பாருங்கள். கால் பழகிவிடும்.

மகன் காலேஜ் சேருகிறான், பைக் கேட்கிறான். ஷோரூமில் சிபிஎஸ், சிங்கிள் சேனல், டூயல் சேனல் என்று என்னென்னமோ சொல்கிறார்கள். எதற்குக் காசு கொடுப்பது?
– சத்துணவு அமைப்பாளர், திருமங்கலம்

காரைவிட பைக்குக்குத்தான் இந்தக் கருவி முக்கியம் அம்மா. காரில் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி வழுக்கும். பைக்கில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆள் கீழே. 2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

அந்தப் பயத்தில்தான் நம் ஆட்கள் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை, பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். பிரேக் போடும்போது எடை முழுக்க முன்பக்கம் சாயும். அப்போது பிடிமானம் இருப்பது முன்சக்கரத்துக்குத்தான். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்க வெகுதூரம் ஆகும்.

சிபிஎஸ் என்றால் பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். நல்லதுதான். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. சிங்கிள் சேனல் ஏபிஎஸ் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளும், டூயல் சேனல் இரண்டையும். 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்று விதி. அதற்குக் கீழே இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். நம் ஊரில் ஓடுகிற வண்டிகளில் முக்கால்வாசி அந்தக் ‘கீழே’யில்தான் வருகிறது என்பது எனக்கு உறுத்தல்.

ஏபிஎஸ் உள்ள மோட்டார் சைக்கிள்களில் உயிர்ப்பலி விபத்து 22 சதவீதம் குறைவு என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு கணக்குச் சொல்கிறது. எனவே சிங்கிள் சேனல் இருந்தாலே வாங்குங்கள். சில 125 சிசி வண்டிகளிலும் வருகிறது. அதைக் கேளுங்கள், ஏனென்றால் சிசி ஏற ஏற வேகமும் ஏறும். பையன் குணம் உங்களுக்குத்தான் தெரியும். காசு இழுபறியானால் ஸ்டிக்கர், கிராஷ் கார்டு எல்லாவற்றையும் வெட்டுங்கள், ஏபிஎஸ்ஸை வெட்டாதீர்கள். ஹெல்மெட்டையும். அதே 2022-இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர்.

அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் கருவிகள்) உள்ள மாடலுக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். அவினாசி ரோட்டில் தானாகவே பிரேக் போட்டு நிற்குமா?
– வங்கி அலுவலர், கோவை

நிற்கும். நிற்காமலும் போகும். இரண்டுக்கும் காரணம் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன் பம்பருக்குள் ஒரு ரேடார். முன்னால் போகிற வண்டி எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்று இரண்டும் விடாமல் கணக்குப் போடும். முட்டப் போகிறோம் என்று பட்டால் முதலில் கத்தும். நீங்கள் மிதிக்கவில்லை என்றால் தானே மிதிக்கும். எண்பதில் போகிற கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. மனுஷன் பார்த்து, புரிந்து, கால் தூக்கி மிதிக்க ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதற்குள் 33 மீட்டர் போச்சு. ஒரு லாரி டிரெய்லரின் இரண்டு நீளம். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கே கிடையாது. நீங்கள் கொடுக்கிற காசு அந்த மீட்டர்களுக்குத்தான்.

பின்னாலிருந்து முட்டுகிற விபத்துகளை இந்தத் தானியங்கி பிரேக் சுமார் பாதியாகக் குறைக்கிறது என்று மேலே சொன்ன அதே அமெரிக்க அமைப்பு கண்டது. 2022-இல் அதே அமைப்பு வேறொன்றையும் சொன்னது: நடந்து போகிறவர்கள் மேல் மோதுவது 27 சதவீதம் குறைகிறது, ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் வித்தியாசமே தெரியவில்லை. நம் நெடுஞ்சாலைகளில் ராத்திரி யார் நடக்கிறார்கள், எங்கே விளக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. வேகமாகப் போகும்போது, அசையாமல் நிற்கிற பொருளை ரேடார் பல நேரம் கண்டுகொள்ளாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு போர்டுக்கும் பாலத்துக்கும் பிரேக் அடித்துக்கொண்டே போகும். ஆனால் நம் ஊரில் ஆளைக் கொல்வது எது? பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கிற லாரியும், கரும்பு ஏற்றிய டிராக்டரும். அந்த இடத்தில் உங்கள் கண்தான் ரேடார்.

ஆட்டோ குறுக்கே நுழையும்போது கார் திடீரென்று பிரேக் போட்டு, பின்னால் வருகிறவன் முட்டிவிடுகிறான் என்று சிலர் அந்தப் பிரேக்கையே அணைத்து வைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். எச்சரிக்கை எவ்வளவு முன்கூட்டி வர வேண்டும் என்று மாற்றிக்கொள்ள வசதி இருக்கும், அதைக் குறையுங்கள். ஊருக்குள் அணைக்க வேண்டியது கோட்டுக்குள் இழுத்துப் பிடிக்கிற உதவியை. கோடே இல்லாத ரோட்டில் அது எதைப் பிடிக்கும்? அப்புறம், கல்லடித்து முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவு பார்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். ரோட்டோரக் கடையில் மாற்றிவிட்டுக் கிளம்பினால் கேமரா எங்கே பார்க்கிறது என்று சொல்ல முடியாது.

என் கருத்து கேட்டால், அடாஸ் நான்காவது. முதலில் பாரத் என்கேப் நட்சத்திரம். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே காரை மோதிப் பார்த்து, எவ்வளவு பாதுகாப்பு என்று நட்சத்திரம் போட்டுச் சொல்கிறார்கள். இரண்டாவது எல்லா இருக்கைக்கும் ஒழுங்கான பெல்ட், ஏர்பேக். மூன்றாவது ஈஎஸ்சி எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாடு, அதாவது ஒடித்துத் திருப்பும்போது கார் தடம் தவறாமல் பிடித்து வைக்கிற கருவி. 1997-இல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, குறுக்கே காட்டுமான் வந்தால் ஒடித்துத் திருப்புவது போல மெர்சிடிஸின் புது ஏ கிளாஸை ஒடித்துப் பார்த்தது. கார் கவிழ்ந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் அந்தச் சின்னக் காருக்கே அந்நிறுவனம் ஈஎஸ்சியைக் கட்டாயமாக வைத்தது. அதற்குமுன் அது பெரிய விலைக் காருக்கு மட்டும். இந்த மூன்றும் இருந்து, கையில் காசும் மிச்சமிருந்தால் அடாஸ் வாங்குங்கள்.

முன்னால் இரும்புக் கம்பி பம்பர் போடலாமா மாஸ்டர்? மாட்டு வண்டி மோதினாலும் தாங்கும் என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், தாராபுரம்

கம்பி தாங்கும், நீங்கள் தாங்க மாட்டீர்கள். நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளத்தான் முன்பக்கம் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்கிற கணக்கும் கெடும், ரேடாரையும் மறைக்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கழற்றி எடைக்குப் போடுங்கள்.

நான் லாரி டிரைவர். கண்ணை மூடினால் கத்துகிற கேமராவை ஓனர் கேபினில் மாட்டியிருக்கிறார். கத்தினால் ஆபீசுக்கும் போகிறதாம், சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இது பாதுகாப்பா, வேவா?
– வாசகர், நாமக்கல்

தம்பி, கேமராமேல் கோபப்படாதே. இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, தலை எப்படித் தொங்குகிறது என்று அது பார்க்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு நம் கண் மூடியது நமக்கே தெரியாது. நானே ஒரு தடவை உளுந்தூர்பேட்டையில் ஏறினேன், விக்கிரவாண்டியில்தான் ‘முழித்தேன்’. நடுவில் ஓட்டியது யார் என்று இன்று வரைக்கும் தெரியாது. அன்றைக்கு ஒரு கேமரா கத்தியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

ஆனால் நீ கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கருவி தூக்கத்தைக் கண்டுபிடிக்கும், தூக்கத்தைக் கொடுக்காது. கொடுக்க வேண்டியது ஓனர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (2025 நவம்பரில் அதற்குப் பதில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது) 1961-இலேயே எழுதியிருந்தது: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு. ஐரோப்பாவில் நாலரை மணி ஓட்டினால் முக்கால் மணி நிறுத்தியே ஆக வேண்டும். அங்கே அதைக் கணக்கெடுப்பது வண்டியில் இருக்கிற டேக்கோகிராஃப் என்கிற கருவி. அதாவது அங்கே கருவி டிரைவரை மட்டும் பார்க்கவில்லை, ஓனரையும் பார்க்கிறது.

உன் கேமரா கத்திய நேரத்தை ஆபீஸ் குறித்து வைக்கிறது அல்லவா? நீ எப்போது வண்டியில் ஏறினாய், எத்தனை மணி நேரம் கழித்துக் கத்தியது என்று ஒரு நோட்டில் நீயும் எழுதிவை. ஒரு மாதக் கணக்கோடு ஓனரிடம் போ. இரண்டு டிரைவர் போட வேண்டிய ரூட்டில் ஒருவரைப் போட்டிருப்பது அதில் தெரிந்துவிடும். சம்பளத்தில் பிடித்தால் நீ தூங்காமல் இருக்கப் போவதில்லை. கேமராவில் டேப் ஒட்டுவாய். ஒட்டாதே.

எங்கள் பள்ளி வேனில் முன்னும் பின்னும் கேமரா வைத்துவிட்டார்கள். இனி ஆயா இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை என்கிறார் டிரைவர்.
– ஆசிரியை, அறந்தாங்கி

ஆயா இறங்கட்டும். தமிழக அரசு 2022-இல் அந்தக் கேமராவையும் சென்சாரையும் கட்டாயமாக்கியது நல்ல காரியம். வண்டியின் மூக்குக்கு அடியில் நிற்கிற எல்கேஜி பிள்ளை டிரைவர் சீட்டிலிருந்து தெரியவே தெரியாது. ஆனால் மழையில் லென்ஸில் சேறு படிந்தால் திரையில் மேகம்தான். பயிற்சிப் பள்ளியில் நான் ஒன்று செய்வேன். பஸ்ஸைச் சுற்றிப் பத்துப் பேரை உட்கார வைத்து, டிரைவர் சீட்டில் இருப்பவனிடம் எத்தனை தலை தெரிகிறது என்று கேட்பேன். மூன்று, நான்கு என்பான். உங்கள் டிரைவருக்கும் ஒரு தடவை செய்து காட்டுங்கள், கேமராவோடும் கேமரா இல்லாமலும்.

சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கத்திக்கொண்டே இருக்கிறது. அதை அடக்க ஒரு கொக்கி விற்கிறதே, நூறு ரூபாய்தான். பின்சீட்டுக்குமா பெல்ட்?
– வாசகர், ஆம்பூர்

அந்தக் கொக்கியை இணையக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி 2023-இலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்! ஏர்பேக் என்பது பெல்ட் போட்டவரை மனதில் வைத்துச் செய்தது. கண் இமைப்பதற்குள் வெடித்து விரிகிற அதன்மேல் பெல்ட் இல்லாமல் போய் விழுந்தால், அதுவே அடி.

பின்சீட்டுக்கும்தான். 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கரில் இறந்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த மெர்சிடிஸ். பின்னால் உட்கார்ந்திருந்தவர் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது.

மகன் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். அங்கே விபத்து நடந்தால் காரே ஆம்புலன்ஸைக் கூப்பிடுமாம். இங்கே எப்போது வரும்?
– வாசகி, கும்பகோணம்

அதற்குப் பெயர் ஈகால். 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பாவில் புதிய மாடல் கார்களில் கட்டாயம். ஏர்பேக் விரிந்தால் காரே 112-ஐ அழைத்து, எந்த இடம், எந்தத் திசையில் போன வண்டி என்று சொல்லிவிடும். ஓட்டியவர் மயக்கத்தில் இருந்தாலும் அழைப்பு போய்விடும். இங்கே சில கார்களில் இருக்கிறது. பஸ், டாக்ஸியில் 2019 முதல் இடம்காட்டும் கருவியும் அவசரப் பட்டனும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நம்மிடம் வேறு ஒன்று இருக்கிறது அம்மா. விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. கார் கூப்பிடாவிட்டாலும் வழியில் போகிறவர் 108-ஐக் கூப்பிட்டால் போதும். போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்று ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. உதவியவரைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு இருக்கிறது.

இத்தனை கருவி வந்த பிறகும் விபத்து குறையவில்லையே? எல்லாம் வியாபாரம்தானே?
– வாசகர், கடையநல்லூர்

வியாபாரமும்தான். ஆனால் முழுக்க அப்படியில்லை. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் டாக்ஸிகளில் ஒரு பங்குக்கு ஏபிஎஸ் வைத்தார்கள், மற்றவற்றுக்கு வைக்கவில்லை. சில வருஷம் பார்த்தார்கள். ஏபிஎஸ் வண்டிகளில் விபத்து குறையவில்லை. காரணம் தேடினால், அந்த டிரைவர்கள் வளைவில் வேகமாகத் திரும்பினார்கள், முன்வண்டியை ஒட்டிப் போனார்கள். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்ததும் அந்த லாபத்தை வேகத்தில் செலவழித்துவிட்டார்கள்.

எங்கள் டிப்போவில் புது பஸ் வந்தால் முதல் வாரம் யார் கையில் கொடுப்பது என்று ஒரு சண்டையே நடக்கும். நான் வயசான, பயந்த ஆளைத்தான் சொல்வேன். மியூனிக் கதை எனக்கு அப்போது தெரியாது.

நீங்கள் என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள் மாஸ்டர்?
– வாசகி, திருவாரூர்

110 சிசி ஸ்கூட்டர், சிபிஎஸ்தான். ஏபிஎஸ் வருகிற காலத்தில் நான் வாங்கவில்லை. மருமகன் காருக்குப் புது பம்பர் என் பென்ஷனில் போட்டாயிற்று. பேரனுக்கு இப்போது பதினெட்டு முடிந்து எல்எல்ஆர் வாங்கிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே காரில் ‘எல்’ போர்டு மாட்டி எங்கள் தெருக்கோடி மைதானத்துக்கு அவனைக் கூட்டிப்போகிறேன். “மிதி, மிதி, எடுக்காதே” என்று நான் கத்த, பெடல் உதறும்போதெல்லாம் அவன் சிரிக்கிறான். நான் இன்னும் ஒவ்வொரு தடவையும் என் வலது காலைத் தூக்கிவிடுகிறேன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு.